தோல்வியின் புள்ளிக்கணக்கு: இந்தியப் பெண்கள் கூடைப்பந்து தேறி வருகிறதா?

கேள்வி

தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி தேறி வருகிறது என்று எப்போது சொல்லலாம்? விளையாட்டுச் செய்திகள் பெரும்பாலும் ஒரு வெற்றியைக் காட்டி இதற்கு விடை சொல்லிவிடுகின்றன. 2017 ஜூலை 29 அன்று பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் இந்தியப் பெண்கள் அணி கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவில் முதலிடம் பிடித்து ‘ஏ’ பிரிவுக்கு உயர்ந்தது. இந்தியக் கூடைப்பந்தில் விடியல் என்று அன்று எழுதினார்கள். 2019-இலும் 2021-இலும் அதே அணி ‘ஏ’ பிரிவில் எட்டாவது, அதாவது கடைசி இடத்தில் நின்றது. விடியல் என்று எழுதிய கைகளே வீழ்ச்சி என்றும் எழுதின.

இரண்டு தீர்ப்புகளும் அவசரத்தில் சொல்லப்பட்டவை என்பது என் கருத்து. இந்த அணியின் நிலையைச் சொல்லப் போதுமான சான்று நம்மிடம் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய கோவை, தேனியையும் கடைசிப் பகுதி எடுத்துக்கொள்கிறது. கேரளமும் தமிழ்நாடும் இந்த அணிக்கு முன்னணி வீராங்கனைகளைத் தந்த மாநிலங்கள். அவை சந்திக்கும் எல்லையில் சிக்கலின் வேர் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு தொடர்கள், எட்டு ஆட்டங்கள்

முதலில் தரவரிசை. 2013-இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா ஐந்தாவது இடம் பெற்றது. அதுவரை எட்டாத உயரம் அது. 2019-இல் எட்டாவது. எண்ணை மட்டும் பார்த்தால் மூன்று படி சறுக்கல். ஆனால் 2017 முதல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆசியக் கோப்பையில் ஆடத் தொடங்கின. உலகின் முன்னணி அணிகளுள் ஒன்றான ஆஸ்திரேலியா உள்ளே வந்ததுமே பழைய ஐந்தாம் இடத்தின் மதிப்பு மாறிவிட்டது. இரண்டு படிகள் மேலே புதிதாகச் சேர்ந்த ஏணியில், நின்ற இடத்திலேயே நின்றவரும் இறங்கியவராகத்தான் தெரிவார். ஆகவே தரவரிசை இங்கே நல்ல அளவுகோல் ஆகாது.

அடுத்தது புள்ளி வித்தியாசம். வெற்றி தோல்விக் கணக்கைவிட, எத்தனை புள்ளியில் வென்றது அல்லது தோற்றது என்பதே ஓர் அணியின் அடுத்த கட்டத்தை நன்றாகக் காட்டும் என்பது புள்ளிவிவர ஆய்வாளர்கள் பலமுறை சோதித்துக் கண்ட முடிவு. பேஸ்பால் ஆட்டத்துக்காக பில் ஜேம்ஸ் வகுத்த வாய்பாட்டைப் பின்னர் கூடைப்பந்துக்கும் பொருத்தினார்கள். ஒரு புள்ளியில் வென்ற ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம், இருபது புள்ளியில் வென்றதில் குறைவு என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை. அந்தக் கணக்கில் 2017-இன் இரண்டு புள்ளி வெற்றி, இந்தியாவும் கஜகஸ்தானும் ஏறத்தாழச் சமம் என்பதை மட்டுமே சொல்கிறது. 2013-இலும் அந்த ஐந்தாம் இடத்துக்கு நமக்குப் போட்டியாக நின்ற நாடு கஜகஸ்தான்தான்.

‘ஏ’ பிரிவில் நடந்ததை இதே கண்ணால் பார்க்கலாம். 2019-இல் ஜப்பானிடம் 27-103 என்று தோற்றோம், வித்தியாசம் 76. 2021-இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் அதே ஜப்பானிடம் 46-136, வித்தியாசம் 90. இதைமட்டும் பார்த்தால் நிலைமை மோசமாகிவிட்டது. ஏழாம் இடத்துக்கான ஆட்டத்தில் இரண்டு முறையும் பிலிப்பைன்ஸ் எதிரே நின்றது. 2019-இல் 78-92 என்று 14 புள்ளியில் தோற்றோம். 2021-இல் 70-74, நான்கே புள்ளி. இதைமட்டும் பார்த்தால் தெளிவான முன்னேற்றம். ஒரே அணி, ஒரே இடைவெளி, முடிவுகள் மட்டும் எதிரெதிர்.

இரண்டில் எதை நம்புவது? ஜப்பான் 2019-இல் இருந்த ஜப்பானாக 2021-இல் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற சில வாரங்களிலேயே அந்த நாடு அம்மானுக்கு வந்திருந்தது. அத்துடன், எழுபது புள்ளி இடைவெளியில் போகும் ஆட்டத்தில் பின்பாதி பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் ஆட்டம்; அங்கே இன்னும் பத்துப் புள்ளி கூடுவதும் குறைவதும் அதிகம் சொல்லாது. சமபலம் உள்ள பிலிப்பைன்ஸுடன் நடந்த ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இருதரப்பும் போராடின. அந்தச் சான்றுக்குத்தான் எடை அதிகம். ஆனால் அப்படிப்பட்ட சான்று இரண்டு ஆண்டுக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. தொடருக்கு நான்கு ஆட்டம் என்று இரண்டு தொடர்களிலும் சேர்த்து இந்தியா ஆடியது எட்டே ஆட்டங்கள்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டும் இதே கதைதான். இந்தோனேசியாவை 66-46 என்றும் மங்கோலியாவை 68-62 என்றும் வென்று காலிறுதிக்குப் போனோம். சீனாவிடம் 53-111, வடகொரியாவிடம் 57-96. நமக்கு நிகரானவர்களை வெல்கிறோம், மேலே இருப்பவர்களிடம் நொறுங்குகிறோம். இங்கும் நான்கே ஆட்டங்கள்.

எழுபது புள்ளி எங்கே போகிறது?

இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி உண்டாகிறது என்று ஆட்டத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். புள்ளி எடுத்ததும் ஜப்பானிய ஆட்டக்காரர்கள் தங்கள் பாதிக்குத் திரும்புவதில்லை. முழுக்களத்திலும் நெருக்குகிறார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போட எதிரணிக்கு 5 நொடி. அதை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக 8 நொடி. கூடையை நோக்கி எறிய மொத்தம் 24 நொடி. பந்தை வாங்கும் பெண்ணை மூலைக்குத் தள்ளி இரண்டு பேர் மடக்குகிறார்கள். மூன்றாமவர் அவள் எந்தப் பக்கம் பாஸ் கொடுப்பாள் என்று கணித்து அந்த வழியில் போய் நிற்கிறார். பந்து பறிபோகிறது, இரண்டு அடியில் கூடை. அடுத்த நொடி மறுபடியும் நெருக்கடி. இப்படி ஐந்தாறு முறை அடுத்தடுத்து நடந்தால் மூன்று நிமிடத்தில் பன்னிரண்டு புள்ளி போய்விடும்.

இந்த நெருக்கடியைத் தாண்டுவது உயரத்தையோ வலுவையோ நம்பிய காரியம் அன்று, பழக்கத்தால் வருவது. மடக்கப்படுவதற்கு ஒரு கணம் முன்பே பந்தை விட வேண்டும், நடுவில் ஒருவர் வந்து நிற்க வேண்டும், மூவரும் பேசாமலே அதை அறிந்திருக்க வேண்டும். ஒத்திகையில் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் நெருக்கக்கூடிய எதிரணி இருந்தால்தான் உடம்பு அதைக் கற்கும். புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் கூடைப்பந்து வெற்றியை நான்கு கூறாகப் பிரித்தபோது எறிதலின் துல்லியத்துக்கு அடுத்த இடத்தைப் பந்திழப்புக்குத்தான் தந்தார். ரீபவுண்டும் ஃப்ரீ த்ரோவும் அதற்குப் பின்னால்தான். நமது பெரும் தோல்விகளைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டிய இடமும் இதுவே.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள்

உயரம் போதவில்லை என்பது முதல் காரணம். ஒலிம்பிக் வெள்ளி வென்ற ஜப்பானே அந்தப் போட்டியில் உயரம் குறைந்த அணிகளுள் ஒன்று. அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 18 அசிஸ்ட் தந்து ஒலிம்பிக் சாதனை படைத்த ருய் மச்சிதாவின் உயரம் ஏறத்தாழ 162 சென்டிமீட்டர். சராசரித் தமிழ்ப் பெண்ணைவிடச் சில சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் கூடைப்பந்து தொழிலாகவில்லை. ரயில்வே, மின்வாரியம் போன்ற அரசு நிறுவனங்களில் வேலை வாங்கித் தரும் வழியாக நின்றுவிட்டது. வேலை கிடைத்ததும் வேட்கை தணிந்துவிடுகிறது என்கிறார்கள். இதை மேடைகளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சான்று இதற்கு எதிராக இருக்கிறது. அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேதான். அந்த வேலை இல்லாதிருந்தால் இந்தப் பெண்கள் இருபத்திரண்டு வயதில் ஆட்டத்தை விட்டிருப்பார்கள். நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் ஒரு பெண் முப்பது வயதுவரை ஷூ கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போக முடிந்தது அந்த மாதச் சம்பளத்தால்.

ஜப்பானின் ‘டபிள்யூ லீக்’ அணிகளும் நிறுவன அணிகளே. எனியோஸ், டொயோட்டா, ஃபுஜிட்சு, டென்சோ என்று பெயர்களே சொல்லிவிடும். நிறுவனத்தில் வேலை, நிறுவனத்துக்காக ஆட்டம் என்ற மரபிலிருந்துதான் ஒலிம்பிக் வெள்ளி வந்தது. வேறுபாடு ஒன்றுதான். அங்கே அந்த அணிகள் மாதக்கணக்கில் தமக்குள் லீக் ஆடுகின்றன. இங்கே ஆண்டுக்குச் சில கோப்பைகள், ஒவ்வொன்றிலும் சில நாட்கள், தோற்றால் அன்றே ரயில்.

மூன்றாவது, அயல்நாட்டுப் பயிற்சியாளர். 2017-இல் செர்பியாவின் ஜோரான் விசிச் பொறுப்பில் வெற்றி வந்தது உண்மை. நல்ல பயிற்சியாளர் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முகாமில் கற்றுத் தந்ததை ஆடிப் பார்க்க இடம் இல்லையென்றால் அவர் யாராக இருந்தாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

சான் ஆன்டோனியோவும் வாஷிங்டனும்

2011 ஏப்ரலில் கீது அன்னா ஜோஸ் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கில் மூன்று அணிகளின் தேர்வுக்குப் போனார்: சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் ஆன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ். அதற்கு முன்பே மெல்பர்னின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு 2006 முதல் 2008 வரை ஆடியிருந்தார். அமெரிக்காவில் இடம் கிடைக்கவில்லை. அந்த மூன்றில் சான் ஆன்டோனியோவின் பிற்காலக் கதை நம் கேள்விக்கு நேராக வந்து நிற்கிறது.

2015-இல் அந்த அணி 8 வெற்றி, 26 தோல்வி. 2016-இல் 7-27. 2017-இல் முதல் பதினான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து தோற்றது. பிறகு மீதி இருபதில் எட்டை வென்றது. பட்டியலில் 8-26 என்று மட்டும் தெரியும். 0-14-க்குப் பின் 8-12 என்று பிரித்துப் பார்த்தால்தான் இரண்டாம் பாதியில் வேறோர் அணி ஆடியது புரியும். அடுத்த ஆண்டு உரிமையாளர் மாறி, ஊர் மாறி, லாஸ் வேகஸ் ஏசஸ் ஆனது. 2022, 2023, 2025 என்று மூன்று முறை பட்டம் வென்றது. 2011-இல் சான் ஆன்டோனியோவில் ஆடிக்கொண்டிருந்த பெக்கி ஹாமன்தான் அந்த மூன்று பட்டங்களுக்கும் பயிற்சியாளர்.

மாயம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நிற்கும் அணிகளுக்குப் புதிய ஆட்டக்காரரை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கூடுதலாகத் தரும் குலுக்கல் முறை அங்கே உண்டு. கெல்சி பிளம், ஏஜா வில்சன், ஜாக்கி யங் என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து முதல் தேர்வு இந்த அணிக்கு வந்தது.

வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 2024-இல் அந்த அணி முதல் பன்னிரண்டு ஆட்டங்களையும் தோற்றது. அத்துடன் பருவம் முடிந்திருந்தால் அது லீக்கின் மிக மோசமான அணி என்பதே தீர்ப்பு. நாற்பது ஆட்டங்களின் முடிவில் 14-26. அதாவது கடைசி இருபத்தெட்டில் 14 வெற்றி, 14 தோல்வி. ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் அடுத்த சுற்று கைநழுவியது. தொடர் தோல்விக்குப் பிறகு அவர்களுக்கு இருபத்தெட்டு ஆட்டங்கள் மீதி இருந்தன. இந்திய அணிக்கு அம்மானில் மூன்று தோல்விக்குப் பிறகு மீதி இருந்தது ஓர் ஆட்டம். அதிலும் நான்கு புள்ளி வரை நெருங்கினார்கள். அந்த நெருக்கம் தேறுதலின் தொடக்கமா, ஒருநாள் அதிர்ஷ்டமா என்று சொல்ல அடுத்த ஆட்டம் வேண்டும். அடுத்த ஆட்டம் இல்லை. அணி ‘பி’ பிரிவுக்கு இறங்கியது.

கேரளம்: வலியவரிடமிருந்து பறித்த பட்டம்

உள்நாட்டில் என்ன நடக்கிறது? அமெரிக்கக் குலுக்கல் முறைக்கு நேர் எதிரானது. நாடு முழுதும் நன்றாக ஆடும் பெண்களை வேலை கொடுத்து எடுத்துக்கொள்வது ரயில்வே. ஆகவே ஏற்கெனவே வலிமையான அணி மேலும் வலிமை பெறுகிறது. தேசியப் போட்டியில் கேரளம் தன் மண்ணிலேயே வளர்ந்த பெண்களை எதிரணியில் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் ரயில்வே தெலங்கானாவை 131-82 என்று வென்றது. இறுதிப் போட்டியிலேயே 49 புள்ளி வித்தியாசம்! தோற்றவருக்கு மட்டுமில்லை, இப்படி வெல்கிறவருக்கும் அதில் கற்க ஏதுமில்லை. தேசிய அணியின் பெரும்பகுதி இப்படி எதிர்ப்பில்லாமல் வென்று பழகிய பிறகே ஜப்பானின் முழுக்கள நெருக்கடியைச் சந்திக்கிறது.

அதனால்தான் 2019 ஜனவரியில் பாவ்நகரில் கேரளப் பெண்கள் ரயில்வேயைத் தோற்கடித்துப் பட்டம் வென்றதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த அணியின் முதுகெலும்பு கேரள மாநில மின்வாரியத்தின் வீராங்கனைகள். ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிற்சி, மின்வாரியமாக ஒரு கோப்பை, கேரளமாக இன்னொரு கோப்பை. வயநாட்டின் பி.எஸ். ஜீனா அவர்களுள் முதன்மையானவர். அந்த ஆண்டே அவரும் கீதுவைப் போல ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். டிசம்பரில் லூதியானாவில் ரயில்வே பட்டத்தை மீட்டுக்கொண்டது என்றாலும், நாட்டின் சிறந்தவர்களைத் திரட்டிய அணியை ஒரு சிறு மாநிலத்தின் மின்வாரிய ஊழியர்கள் வென்றது, சேர்ந்து ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு நல்ல சான்று.

2022-இல் ஆறு நகர அணிகளுடன் இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக் தொடங்கியது. கொச்சி டைகர்ஸ் அதில் ஒன்று. சென்னை ஹீட் பட்டம் வென்றது. ஆறும் ஆண்கள் அணிகள். பட்டம் வென்று காட்டிய கேரளப் பெண்களுக்கு அந்த லீக்கில் இடம் கிடைக்கவில்லை. இது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

எல்லையின் இரு பக்கம்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு தாண்டிக் கோவை ஐம்பது கிலோமீட்டர்ச் சொச்சம். கோவையில் ஆண்டுதோறும் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று அகில இந்தியப் போட்டி நடக்கிறது. ரயில்வே அணிகளும் கேரள மின்வாரியமும் அங்கே மோதுகின்றன. இடுக்கியின் கிழக்கே, போடிமெட்டோ குமுளியோ இறங்கினால் தேனி மாவட்டம். பெரியகுளம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் நடத்தும் அகில இந்தியப் போட்டி ஆண்களுக்கானது. ஒரு சிறு நகரம் தன் சொந்த முயற்சியில் தலைமுறைகளாக நடத்திவரும் அரிய மரபு அது. இப்படி மலைத்தொடரின் தமிழ்நாட்டுப் பக்கம் கூடைப்பந்துக்குப் பழைய, ஆழமான வேர் உண்டு.

மேற்குப் பக்கத்தில் பெண்களின் திறமைக்குக் குறைவில்லை. அது வேறு வழியில் போயிருக்கிறது. இடுக்கியின் கே.எம். பீனாமோள் 2002 ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். இடுக்கியில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010-இல் 10,000 மீட்டரில் தங்கம். பாலக்காட்டு முண்டூரின் பி.யு. சித்ரா 2017-இலும் 2019-இலும் 1500 மீட்டரில் ஆசிய சாம்பியன். மூவரும் ஓட்டக்காரர்கள். ஓட ஒரு பாதையும் அக்கறையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். முண்டூர், பறளி, குமரம்புத்தூர் பள்ளிகள் அதை நிரூபித்தன. கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் சிமென்ட் தளம் வேண்டும். மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் அத்தனை சமதளம் என்பது தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு நடுவே ஆள்கணக்கு (மஸ்டர்) எடுக்கும் இடமோ, பள்ளி முற்றமோதான். தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் பாசி பிடித்துக் கிடக்கும் திறந்த தளத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் கணுக்கால் போய்விடும். தோட்டங்களுக்கு இடையே ஃபின்லே ஷீல்டு கால்பந்து வேரூன்றியதற்கும் கூடைப்பந்து வராததற்கும் ஈரமான புல்லில் கால்பந்து ஆடலாம் என்பதும் ஒரு காரணம்.

மலைமாவட்டமான வயநாட்டிலிருந்து ஜீனா வந்தாரே என்று கேட்கலாம். ஒருவரை மலையிலிருந்து எடுத்து வெளியே வளர்ப்பது நடக்கக்கூடியது. அதனால் அந்த மலையில் எதிரணி உண்டாகிவிடாது. தேவிகுளத்துத் தமிழ்ப் பள்ளி மாணவி ஒருத்தி நன்றாக ஆடினால் அவளுக்கு ஈடு கொடுக்க உடும்பன்சோலையில் இன்னோர் அணி வேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பெண்கள் கோவைப் பள்ளிகளோடு மாதம் இருமுறை ஆடுவதற்குத் தூரம் தடையில்லை. இரு மாநிலச் சங்கங்களும் தனித்தனி அட்டவணை போடுவதுதான் தடை. பாலக்காடு, கோவை, தேனி, இடுக்கி நான்கும் சேர்ந்து மழை விட்ட மாதங்களில் பெண்களுக்கு ஒரு மாவட்ட லீக் நடத்தினால், இப்போது மூன்று நாளில் முடியும் ஒரு பருவம் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களாக நீளும்.

அத்துடன் ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. கோவைப் பெண்கள் கோப்பையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேசையில் ஸ்கோர் ஷீட் எழுதுகிறார்கள். யார் எத்தனை புள்ளி, எத்தனை ஃபவுல் என்று அதில் இருக்கும். அதனுடன் பந்திழப்பையும் ரீபவுண்டையும் எழுத இரண்டு மாணவிகளை உட்கார வைத்து, தாள்களை ஆண்டுவாரியாகக் கோத்து வைக்கலாம். மின்வாரிய அணி ரயில்வேயிடம் சென்ற ஆண்டு 22 முறை பந்தை இழந்து இந்த ஆண்டு 15 முறை இழந்தது என்று ஒருநாள் நம்மால் சொல்ல முடிந்தால், அந்த அணி தோற்றிருந்தாலும் தேறியிருக்கிறது என்று அன்று துணிந்து எழுதலாம்.